வீட்டுச் சுவருக்கு நிறம் சொல்வது யார்?

ஒரு சின்ன விஷயத்தில் ஆரம்பிக்கிறேன். அது சின்ன விஷயம்தானா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் செமஸ்டர் விடுமுறையில் எங்கள் வீட்டு ஹாலுக்குச் சாயம் அடித்தேன். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு தாமானில் இருக்கிற ஒற்றை மாடி வரிசை வீடு. அப்பா 31 வருஷம் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, ஓய்வு பெற்றதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கியது. பழைய வீடுதான். முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணி ஓட்டை, கூரை ஒழுகிய கறை எல்லாம் அப்படியே இருந்தது. தீபாவளிக்குள் சாயம் அடித்துவிட வேண்டும் என்று அம்மா கூட்டுப் பணத்தில் 400 வெள்ளி எடுத்து வைத்திருந்தார். "நீதானே இஞ்சினியருக்குப் படிக்கிற. நீயே பாத்துச் செய்யி" என்று பணத்தை என் கையில் கொடுத்தார்.

கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "ஹாலுக்கு மாம்பழ மஞ்சள் அடிப்பா. சாமி மேடை கிட்ட பளிச்சுன்னு இருக்கணும்."

நான் அடித்தது சாம்பல் நிறம்.

அம்மா, சின்னம்மா வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் போயிருந்தார். அந்த மூன்று நாளில் வேலையை முடித்துவிட்டேன். கைபேசியில் பார்த்த வீடுகளைப் போல ஹால் அமைதியாக, சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமை. அம்மா வந்து வாசலில் நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாயந்திரம் தேத்தண்ணி குடிக்க அவர் ஹாலுக்கு வரவில்லை. குசினியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். விடுமுறை முடிகிற வரைக்கும் அப்படித்தான்.

கடையில் கலந்து வாங்கிய சாயத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கலந்தது கலந்ததுதான். நான் செய்ததும் அப்படித்தான் இருந்தது.

என் பக்கத்து நியாயங்கள்

என்னை நானே குற்றம் சொல்வதற்கு முன்னால் என் நியாயங்களையும் வைத்துவிடுகிறேன். மூன்று இருந்தன.

முதலாவது, வெளிச்சம். எங்கள் ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல். நடுவில் இருக்கிற வரிசை வீடுகளில் இதுதான் பிரச்சினை. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். அடர்ந்த நிறம் அடித்தால் இருட்டாகிவிடும், இளநிறம்தான் வெளிச்சம் தரும் என்று அம்மாவிடம் சொல்ல ஒரு பாடமே தயாராக வைத்திருந்தேன். ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. நல்ல வெள்ளை என்றால் 80-க்கு மேல் இருக்கும். கருப்பு என்றால் ஒற்றை இலக்கம். வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நிற அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்த சாம்பலுக்கு 52 என்று போட்டிருந்தது. அம்மா கேட்ட மஞ்சளுக்கு 66. அம்மாவின் நிறம்தான் ஹாலுக்கு அதிக வெளிச்சம் கொடுத்திருக்கும்! பொறியியல் படிக்கிறவன் அளவைப் பார்க்காமலேயே முடிவெடுத்து, பிறகு அந்த முடிவுக்கு அறிவியல் சட்டை போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, விலை. நாளைக்கு வீட்டை விற்கப் போனால் யாருக்கும் பிடிக்கிற மாதிரி பொதுவான நிறம் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டை யார் விற்கப் போகிறார்கள்? அப்பாவும் அம்மாவும் கடைசி வரை இருக்கப் போகிற இடம் அது. வராத ஒரு வாங்குநருக்காக, தினமும் அங்கேயே இருக்கிற அம்மாவை ஒதுக்கிவிட்டேன். அப்படியே விற்பதாக வைத்துக்கொண்டாலும் மறுபடி சாயம் அடிக்க எவ்வளவு ஆகும்? எங்கள் ஹால் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சுற்றளவு 18 மீட்டர். சுவர்ப் பரப்பு 54 சதுர மீட்டர். கதவு, ஜன்னல், குசினிக்குப் போகும் வழி எல்லாம் கழித்தால் ஏறக்குறைய 44. இரண்டு பூச்சுக்கு 88. ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டருக்கு வரும். ஆக 9 லிட்டர், அதாவது 5 லிட்டர் டின் இரண்டு. ஒரு வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, ரசனை. சாம்பல்தான் "டீசண்டு", மஞ்சள் "ஓவர்" என்று எனக்குத் தோன்றியது. மற்ற இரண்டும் சாக்கு. இதுதான் உண்மைக் காரணம். எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

சொல்ல வெட்கப்பட்ட காரணம்

முதலாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை தேடினேன். ஒரு விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். "அறை போயிடுச்சு" என்றார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அன்று சாயந்திரம் என்னோடு படிக்கும் சீன நண்பன் அதே எண்ணுக்குப் போன் செய்தான். அறை இருக்கிறது, எப்போது பார்க்க வருகிறாய் என்று கேட்டார்களாம். அவனுக்கு என்னைவிட அதிகக் கோபம். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கூச்சமாகத்தான் இருந்தது. மலேசியாவில் வாடகை வீடு தேடிய இந்தியப் பிள்ளைகள் பலருக்கு இது புதிய கதை இல்லை. எந்த இனத்தவருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. எண்ணெய் அதிகம் வைக்கக்கூடாது. போனில் தமிழில் சத்தமாகப் பேசக்கூடாது. சாம்பிராணி வாசம் சட்டையில் இருக்கக்கூடாது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கற்றுக்கொண்டேன். தாமானில் ஆரஞ்சு, ஊதா, கிளிப்பச்சை அடித்த வீட்டைத் தாண்டிப் போகும்போது, "பாத்தாலே நம்ம ஆளுங்க வீடுன்னு தெரியுது" என்று நண்பர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

அம்மா மஞ்சள் என்று சொன்னபோது நான் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். "வேணாம்மா, பாத்தாலே தமிழர் வீடுன்னு தெரிஞ்சிடும்."

அம்மா சொன்னார்: "தெரியட்டுமே. நாம வேற யாரு?"

எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் அவர் இல்லாத நேரம் பார்த்து அடித்தேன் என்று இப்போது புரிகிறது. எவரோ முகம் தெரியாத ஒருவர் போனில் எனக்குக் கொடுத்த அவமானத்தைக் கொண்டுபோய் அம்மாவின் சுவரில் பூசியிருக்கிறேன்.

இங்கே ஒரு தர்ம சங்கடமான கேள்வி இருக்கிறது. நமக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் அது நம் ரசனையா, நம் வெட்கமா? இரண்டும் மனதுக்குள் ஒரே குரலில்தான் பேசுகின்றன. நான் கண்டுபிடித்த ஒரே சோதனை இதுதான்: யாருமே பார்க்கப் போவதில்லை என்றால் அப்போதும் எனக்கு இது பிடிக்காதா? யாரும் வராத ஒரு வீட்டில் அந்த மஞ்சளோடு நான் தனியாக இருந்தால்? நேர்மையாகச் சொன்னால், எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும். சின்ன வயதில் கோயில் பொங்கல் அன்று அம்மா கட்டிய சேலையின் நிறம் அது.

வெள்ளையும் சாம்பலும் நடுநிலையா?

மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாம் "நிறம்". வெள்ளை, சாம்பல் எல்லாம் "நிறமில்லாத பொது" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கிரேக்கச் சிற்பம் என்றால் வெள்ளைப் பளிங்கு, அந்த வெண்மைதான் உயர்ந்த அழகு என்று நம்பினார்கள். ஆனால் அந்தச் சிலைகளுக்கெல்லாம் கிரேக்கர்கள் சிவப்பு, நீலம் என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். காலப்போக்கில் அது உதிர்ந்துவிட்டது. 1930-களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் சிற்பங்களை இன்னும் வெள்ளையாக்க வேண்டும் என்று கருவிகளால் சுரண்டியே விட்டார்கள். அது பெரிய சர்ச்சையானது. வெண்மை இயல்பாக இருந்தது இல்லை. ஒருவர் விரும்பி உண்டாக்கியது.

நம் பக்கம் வாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அடியில் இருந்த சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். ராஜராஜன் காலத்துக் கோயில் என்றால் வெறும் கல் நிறம் என்று நினைக்கிறோம். உள்ளே போனால் சுவரெல்லாம் வண்ணம். ஒரு தலைமுறையின் நிறத்தின் மேல் இன்னொரு தலைமுறை பூசுவது எங்கள் ஹாலில்தான் முதல்முறை நடந்தது என்று இல்லை!

அதற்காக வெள்ளை நமக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய வெள்ளைச் சுவர்கள் இன்றும் மின்னுகின்றன. வெள்ளையும் நம்முடையதுதான். ஆனால் அது பல நிறங்களில் ஒன்று. அது "பொது" இல்லை, மற்றவை "கூடுதல்" இல்லை.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் ஒவ்வொரு சுவைக்கும் ஒரு நிறம் சொல்கிறது. ரௌத்திரத்துக்குச் சிவப்பு. நகைச்சுவைக்கு வெள்ளை. வியப்புக்கு மஞ்சள். சோகத்தை ஒட்டிய கருணைச் சுவைக்கு என்ன தெரியுமா? புறாவின் சாம்பல். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அம்மா வியப்பைக் கேட்டார், நான் சோகத்தை அடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது வடலூர். வள்ளலார் 1872-இல் அங்கே நிறுவிய சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, பல நிறம் கலந்தது என்று ஏழு. எல்லாத் திரையும் விலகினால்தான் ஜோதி தெரியும். தைப்பூசத்தன்று ஏழும் விலகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெள்ளையும் அந்த ஏழில் ஒன்றுதான். தூய்மை, உயர்வு என்று நாம் தனியாகத் தூக்கி வைக்கிற வெள்ளையும் ஒரு திரை. அது ஜோதி இல்லை. கருப்பை விலக்குவது போல அதையும் விலக்கித்தான் ஆக வேண்டும்.

என் சாம்பல் சுவர் "நடுநிலை", அம்மாவின் மஞ்சள் "ஒரு சார்பு" என்று நினைத்தேன். வடலூர்க் கணக்கில் இரண்டுமே திரை. இதைப் புரிந்துகொண்டால், "என் நிறம்தான் நாகரிகம்" என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது.

"பரவால்ல" என்ற சொல்

இதுவரை அம்மாவைப் பற்றியே பேசுகிறேன். அப்பா என்ன நிறம் சொன்னார்?

நான் கேட்டேன். சாயம் வாங்கப் போகும்போது மோட்டாரை எடுத்துக்கொண்டே, "உங்களுக்கு என்ன கலர்ப்பா?" என்றேன். "எந்தக் கலரா இருந்தாலும் பரவால்லடா" என்றார். சரி, அப்பாவுக்கு இதில் அக்கறை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வார்த்தையின் கனம் பின்னால்தான் தெரிந்தது. அப்பா பிறந்தது லயத்தில். வளர்ந்தது, கல்யாணம் செய்தது, எங்களைப் பெற்றது எல்லாம் லயத்தில். விடியற்காலை பிரட்டுக்குப் போய் நின்று, எந்த நிரை என்று மண்டோர் சொன்னால் அங்கே போக வேண்டும். முதலில் கித்தா, பிறகு செம்பனை. வீடு நிர்வாகத்துடையது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பினால் அடிப்பார்கள், அனுப்பாவிட்டால் இல்லை. 1966-இல் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுத் தரத்துக்குச் சட்டம் வந்தது. 1990-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. இவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அப்பாவிடம் ஒருவரும் கேட்டதில்லை. அறுபது வயது வரை ஒரு சுவரும் அவருடையதாக இருந்ததில்லை.

திராட்சை எட்டாததால் அது புளிக்கும் என்று சொன்ன நரியின் கதை நமக்குத் தெரியும். நார்வே நாட்டுச் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1983-இல் இந்தப் புளித்த திராட்சையைப் பெயராக வைத்தே ஒரு நூல் எழுதினார். கிடைக்காததை விரும்பாமல் இருக்க மனது தன்னைத்தானே பழக்கிக்கொள்கிறது என்பது அதன் மையக் கருத்துகளில் ஒன்று. அமர்த்தியா சென்னும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நீண்ட காலம் ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஆசைகளைத் தங்கள் நிலைமைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஆகவே அவர்கள் "திருப்தியாக இருக்கிறேன்" என்று சொல்வதை மட்டும் வைத்து அவர்கள் வாழ்வு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது என்பது அவர் வாதம்.

"பரவால்ல" என்பது அப்பாவின் விருப்பம் இல்லை. கேட்கப்படாமலேயே வாழ்ந்தவரின் பழக்கம்.

ஆனால் இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். போதும் என்கிற மனம்தானே நம் சமயம் சொல்கிற உயர்ந்த குணம்? ஆசையை அறுக்கச் சொல்கிற மரபில் வந்துவிட்டு, சுவர் நிறத்துக்கு ஆசைப்படச் சொல்கிறாயா? அப்பாவின் "பரவால்ல" ஏன் பற்றின்மையாக இருக்கக்கூடாது?

இதை நான் பல நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இது. துறவு என்பது இருப்பதை விடுவது. கையில் இல்லாததை யாரும் துறக்க முடியாது. பட்டினத்தார் பெரும் செல்வராக இருந்து அதை விட்டார். அதனால்தான் அது துறவு. பசியோடு இருப்பவனைப் பார்த்து, "என்ன அருமையாக விரதம் இருக்கிறாய்" என்று பாராட்டினால் அது பக்தி ஆகுமா? அப்பா பற்றற்றவரா இல்லையா என்று தெரிய வேண்டும் என்றால், முதலில் அவர் கையில் ஒரு தேர்வு இருக்க வேண்டும். அதன் பிறகும் அவர் "பரவால்ல" என்றால் அந்த வார்த்தைக்குத் தலை வணங்கலாம். அதற்கு முன்னால் அப்படிப் பாராட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லலாம். நம் மரபில் இஷ்ட தெய்வம் என்று ஒன்று உண்டு. முருகனைச் சேயோன், சிவந்தவன் என்றோம். திருமாலை மாயோன், கரியவன் என்றோம். எந்த வடிவில், எந்த நிறத்தில் இறைவனை வைத்துக் கும்பிடுவது என்பதையே அவரவர் மனதுக்கு விட்ட மரபு இது. அவ்வளவு பெரிய விஷயத்திலேயே விருப்பத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, ஹால் சுவரில் மட்டும் அம்மாவுக்கு இடமில்லை என்றால் எப்படி?

அப்படியானால் யார் முடிவு செய்வது?

2018-இல் நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தேன். ஆகஸ்டு மாதம் கும்பாபிஷேகத்தை ஒட்டிப் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணம் அடித்தார்கள். படம் உலகமெல்லாம் போனது. ஆஹா என்றார்கள் சிலர். கண் கூசுகிறது என்றார்கள் சிலர். பத்துமலை பாரம்பரியத் தலம் என்பதால் 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும், பெறவில்லை என்று அரசாங்கத் தரப்பில் கேள்வி எழுந்தது. அப்போது எங்கள் வகுப்பில் "அழகா, இல்லையா" என்றுதான் சண்டை போட்டோம். இப்போது பார்த்தால் அங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருந்தன. நிறம் அழகா என்பது ஒன்று. யாரைக் கேட்டுவிட்டு அடிக்க வேண்டும் என்பது இன்னொன்று. நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டாவது கேள்வி மறையாது.

என் விஷயமும் அதேதான். நான் அடித்தது அழகான சாம்பலாகவே இருக்கட்டும். கேட்காமல் அடித்தேன். கேட்காமல் அடித்ததுகூட இல்லை. கேட்டு, பதில் கிடைத்து, அதை மீறி அடித்தேன்.

ஒரே கூரையின் கீழ் நான்கு பேர் இருந்தால் நான்கு விருப்பம் இருக்கும். என் தங்கைக்கு அவள் அறை இளம் ஊதாவாக வேண்டும். எனக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. வாஸ்துப்படி இந்தத் திசைக்கு இந்த நிறம் என்று ஆலோசனை சொல்லும் உறவினரும் உண்டு. நம்பிக்கையோடு சொல்பவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் பயமுறுத்தி ஒரு நிறத்தை அடிக்க வைத்தால் அதுவும் கேட்காமல் அடிப்பது மாதிரிதான். எல்லாருக்கும் சமமாக ஒரு வாக்கு என்று வைத்தாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வருஷத்தில் மூன்று மாதம் அந்த ஹாலில் இருப்பேன். அம்மா தினமும் இருப்பார். ஆகவே நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். அந்தச் சுவரோடு அதிக நேரம் இருக்கப் போவது யார்? இதுவரை குறைவாகத் தேர்வு செய்தவர் யார்? தன் விருப்பம் நடக்காவிட்டால் வேறு இடத்தில் நடத்திக்கொள்ள வாய்ப்பு இல்லாதவர் யார்? எனக்கு நாளைக்குச் சொந்த வீடு வரும், அங்கே என் சாம்பலை அடித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இதுதான் முதல் வீடு, இதுதான் கடைசி வீடு. மூன்று கேள்விக்கும் பதில் ஒரே ஆளைக் காட்டியது.

தீபாவளிக்கு முன் வாரம்

விடுமுறையில் செய்த பகுதிநேர வேலைச் சம்பளத்தில் மிச்சம் இருந்தது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, அம்மாவையும் அப்பாவையும் காடியில் ஏற்றிக்கொண்டு சாயக் கடைக்குப் போனேன். "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. நிற அட்டையை அம்மா கையில் கொடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

மஞ்சளிலேயே முப்பது மஞ்சள் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். கடைக்காரர் பொறுமையாக இருந்தார். இந்த முறை நானும் கொஞ்சம் உருப்படியாக உதவினேன். அட்டையில் பார்ப்பதைவிடச் சுவர் முழுக்க வரும்போது நிறம் தூக்கலாகத் தெரியும், அதனால் ஒரு படி இளசாக எடுங்கள் என்றேன். கடை விளக்கில் ஒரு மாதிரி, வீட்டு விளக்கில் வேறு மாதிரி தெரியும் என்பதால், முதலில் சின்ன டின் வாங்கி ஹால் சுவரில் ஒரு முழம் அடித்துப் பார்த்தோம். காலையில், மதியம், ராத்திரி விளக்குப் போட்டு என்று மூன்று முறை பார்த்தார். ஒழுகிய கறை இருந்த இடத்தில் முதலில் கூரையைச் சரி செய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சீலர் அடித்தோம். ஈரச் சுவரில் எந்த விலை உயர்ந்த சாயமும் நிற்காது. இதைத்தான் நான் அம்மாவுக்கு முதலிலேயே செய்திருக்க வேண்டும். படித்த படிப்பு அவர் விருப்பத்தைத் திருத்துவதற்கு இல்லை, அதை நன்றாக நடத்திக் கொடுப்பதற்கு.

கடையில் இருக்கும்போதே அப்பாவிடமும் அட்டையைக் கொடுத்தேன். வழக்கம் போல, "எதுனாலும் பரவால்லடா" என்றார். "இல்லப்பா. உங்க ரூமுக்கு. நீங்க சொல்ற வரைக்கும் நான் வாங்க மாட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, மறுநாள் காலையில் பசியாறும்போது திடீரென்று சொன்னார்:

"எனக்கு வெள்ளைதான்டா புடிக்கும். ஆனா சுண்ணாம்பு வெள்ளை வேணாம். சாஞ்சா சட்டையில ஒட்டும். துணிய நனைச்சித் தொடச்சா அழுக்குப் போற மாதிரி, பளபளன்னு ஒரு வெள்ளை வருதாமே, அது."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில் அப்பா சொன்ன முதல் நிறம். லயத்தில் அவர் பார்த்ததும் வெள்ளைதான், இப்போது கேட்டதும் வெள்ளைதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அது அவருக்கு அடிக்கப்பட்டது. இது அவர் சொன்னது.

இப்போது எங்கள் ஹால் மஞ்சள். தெருவில் போகிறவர் யாரும் திறந்த கதவு வழியே பார்த்தால் தமிழர் வீடு என்று தெரியும். அம்மா சாயந்திரத் தேத்தண்ணியை மறுபடி ஹாலில் குடிக்கிறார். எனக்கு அந்த மஞ்சள் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் இன்னும் கொஞ்சம் அதிகம் என்றுதான் படுகிறது. பரவாயில்லை. இந்தப் "பரவாயில்லை"யை நான் தேர்ந்தெடுத்துச் சொல்கிறேன்.

நண்பர்களே, தீபாவளி வரும்போது நம்மில் பலர் வீட்டுக்குச் சாயம் அடிப்போம். படித்த பிள்ளை என்று பொறுப்பை நம்மிடம்தான் கொடுப்பார்கள். டின்னைத் திறப்பதற்கு முன்னால் அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவிடம் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை அவர் "பரவால்ல" என்றுதான் சொல்வார்.